உடைந்த கைக்கு அறுபத்து நான்கு

தபீதாள் தாம்பரத்துக் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்த வந்தது 1986-ல். வீடு சிட்லபாக்கம். வந்த வாரமே துறைத்தலைவர் சுந்தரராமன் அவளுக்கு மாணவர்களை வகை பிரித்துக் கொடுத்துவிட்டார்.

"ரெண்டே ரகம் மேடம். படிக்கிறவன், கொழுப்பெடுத்தவன்."

முப்பது வருஷ அனுபவத்தில் அவர் செய்த ஒரே ஆராய்ச்சி அதுதான்.

பீர்க்கன்கரணை துளசிங்கம் இரண்டாவது ரகம் என்பதற்கு விடைத்தாளே சாட்சி. நூற்றுக்குப் பதினொன்று. ஆனால் சோழர் கால நிலவரியைப் பற்றி அவன் வகுப்பில் எழுந்து பேசினால் தபீதாள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள். அதே பையன் பேனாவை எடுத்தால் 'படை' 'பைட' ஆகும். ஒரே பக்கத்தில் ஒரே அரசனுக்கு மூன்று பெயர்.

"எழுத்து ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது மேடம். நகந்துகினே கீது. நான் தொரத்திகினு போறேன்."

இப்படி ஒரு குறைபாடு உண்டு என்று தபீதாள் ஏதோ ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்தாள். அவன் சொல்ல இன்னொருவர் எழுத அனுமதி கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். பார்வையில்லாதவர், கை முறிந்தவர், இவர்களுக்கு மட்டுமே உதவியாளர். மருத்துவச் சான்று தேவை என்று பதில் வந்தது.

பையனை அழைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று நாள் அலைந்தாள். கண் டாக்டர், கண் நன்றாக இருக்கிறது என்று எழுதினார். காது டாக்டர் காதுக்கு எழுதினார். மனநல டாக்டர், பைத்தியம் இல்லை என்றார். துளசிங்கத்துக்கு ஒன்றுமே இல்லை என்பது அரசாங்க முத்திரையோடு உறுதியானது.

"இதை நான் முதல் நாளே சொல்லலையா?" என்றார் சுந்தரராமன்.

1988 ஏப்ரலில், தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, கேம்ப் ரோட்டில் பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய் துளசிங்கத்தின் மொபெட் சறுக்கியது. வலது மணிக்கட்டு முறிந்தது. செய்தி கேட்டுத் தபீதாள் பதறினாள். பிறகு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட்டதற்காக வெட்கப்பட்டாள். காலையில் விண்ணப்பம் கொடுத்தாள். மாலையில் அனுமதி வந்துவிட்டது. பல்கலைக்கழகத்துக்கு எலும்பு என்றால் உடனே புரியும்.

சேலையூரிலிருந்து கன்னியம்மா என்ற ப்ளஸ் ஒன் பெண் வந்து, அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். அறுபத்து நான்கு!

"அடுத்த பரீட்சைக்கும் கை ஒடையணும்னு எங்க நைனா அம்மனுக்கு வேண்டிகினு கீறாரு மேடம்."

அம்மன் செவிசாய்க்கவில்லை. கை கூடிவிட்டது. நவம்பரில் அடுத்த தாளில் பன்னிரண்டு.

இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்று தபீதாள் இரண்டு மதிப்பெண்களையும் இணைத்துப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போட்டாள். பல்கலைக்கழகமும் அதை ஆதாரமாகத்தான் எடுத்துக்கொண்டது. பன்னிரண்டு வாங்குகிறவன் அறுபத்து நான்கு வாங்கியது எப்படி, இதில் முறைகேடு உண்டா என்று விசாரிக்க மூன்று பேர் குழு வந்தது.

"எழுதின பொண்ணு மேல சந்தேகம்னா அவனையே கேளுங்க சார்" என்றாள் தபீதாள்.

குழுத் தலைவர் நிலவரியைப் பற்றி ஒரு கேள்வி போட்டார். துளசிங்கம் நாற்பது நிமிஷம் பேசினான். உறுப்பினர் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. முறைகேடு இல்லை. சலுகைக்கு விதியும் இல்லை.

விதி இல்லாத இடம் ஒன்று மிச்சமிருந்தது. கல்லூரிக்குள் நடக்கும் சின்னத் தேர்வுகள். முதல்வரிடம் நான்கு முறை போய் நின்று, அவற்றை வாய்மொழியாக நடத்தச் சம்மதம் வாங்கினாள். நூலகத்துக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைக்கும் அறை கிடைத்தது. முதலில் துளசிங்கம் மட்டும். அடுத்த வருஷம் நான்கு பேர். பிறகு பதினொரு பேர். "தபீதாள் ஆஸ்பத்திரி" என்று பெயர் வைத்தார் சுந்தரராமன். பெயர் வைப்பதோடு அவர் பங்கு முடிந்தது.

துளசிங்கம் பாக்கியிருந்த இரண்டு தாள்களை ஐந்து தடவை எழுதினான். 1992-ல் வந்து நின்றான்.

"போதும் மேடம். நைனாவோட மனை யாவாரம் பாக்கப் போறேன். மனை வாங்க வர்றவன் மார்க் ஷீட்டா கேக்கறான்?"

தபீதாளுக்கு அவன் மேல் ஒரு வாரம் கோபம். பிறகு உண்மையில் யார் மேல் கோபப்பட வேண்டும் என்று எண்ணிப் பார்த்தாள். பட்டியல் நீண்டுகொண்டே போனது. பாதியில் நிறுத்திவிட்டு, சனிக்கிழமை அறையைத் திறக்கப் போனாள். வாசலில் புதிதாக ஒருத்தி, ஒன்பது மதிப்பெண் தாளைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றிருந்தாள்.


"தாளை உள்ள வை" என்றாள் தபீதாள். "உனக்கு என்ன தெரியும்னு சொல்லு."