உயரமானவனும் கட்டையனும்

ஒஷாவா நகருக்குப் போகும் பஸ்ஸுக்காக மோர்னிங்சைட் கோப்பிக் கடையில் காத்திருக்கிறேன். வெளியே யூன் மாத மழை. பக்கத்து மேசையில் வேலை முடிந்து வந்த யாழ்ப்பாணத்துக்காரர் நால்வர். பேஸ்போல் அணிகள் புதிய பையன்களை முறை வைத்துப் பொறுக்கும் நாள் நெருங்குகிறதாம். பாரிஸிலிருந்து வந்த எனக்கு அந்த விளையாட்டே பிடிபடாது. பேப்பரில் இரண்டு படங்கள்: நெடுநெடுவென்று ஒருவன், கட்டையாக ஒருவன்; இவர்களின் அணி ஒருவனைத்தான் எடுக்கலாமாம்.

"உயரமானவனை விட்டா வேற ரீம் கொண்டுபோயிடும்" என்று ஒருவர் மேசையில் அடிக்கிறார்.

அவர்களில் நெடியவர் பேப்பரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "நீங்கள் ஆரை எடுப்பீங்கள், அண்ணை?" என்று கேட்கிறேன்.

"எங்கட வீட்டிலயும் உப்பிடி இருந்து கதைச்சவை," என்று தாழ்ந்த குரலில் சொல்கிறார். "ஒராளை வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் காசு இருந்தது. உயரமான பெடியளைத்தான் ஆமி முதல்ல பிடிக்கும் எண்டு அப்பா என்னை அனுப்பினவர். தம்பி கட்டை. கண்ணில படமாட்டான் எண்டு நினைச்சம்."

"இப்ப தம்பி?"

"ஆமிக்காரர் சோதிக்கிற சென்றியில பஸ்ஸால இறக்கினவங்கள். பிறகு ஒருத்தரும் காணேல்லை."

மற்றவர்களின் வாதம் ஓயவில்லை. ஒருவர் பேப்பரை நெடியவர் பக்கம் தள்ளுகிறார். "அண்ணை, உங்கட வோட் ஆருக்கு?"

அவர் இரண்டாவது படத்தின் மேல் விரலை வைக்கிறார்.

"கட்டையனை எடுக்கச் சொல்லுங்கோ."