எடை மெஷினும் என் படபடப்பும்

கம்பத்தில் பெண்களுக்கு ஜிம் நடத்துகிறவளுக்கு ரத்தக்கொதிப்பு வர வேறு வியாதியே வேண்டாம்; மூலையில் கிடக்கும் எடை மெஷின் ஒன்று போதும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அதில் ஏறிப் பழகிய என் இனத்தவர்களே, கேளுங்கள்.

எழுபத்திரண்டு

ஈஸ்வரி அக்கா திராட்சைத் தோட்டக்காரர் வீட்டம்மா. இரண்டு மாதம் ஒருநாள் தவறாமல் வந்து எடை தூக்கினார். சேர்ந்த அன்றும் எழுபத்திரண்டு கிலோ, இன்றும் எழுபத்திரண்டு. "கண்டிப்பா குறையும்" என்று வாக்குக் கொடுத்தவள் நான்தானே!

அவசரமாக டேப்பை எடுத்து இடுப்பை அளந்தேன். இரண்டு இஞ்ச் குறைந்திருந்தது. "கொழுப்பு கரைஞ்ச அளவுக்குத் தசை ஏறியிருக்குக்கா. ஒரே எடைன்னாலும் தசை கொஞ்ச இடத்தத்தான் அடைக்கும். அதான் ரவிக்கை தொளதொளங்குது" என்றேன். அக்கா டேப்பைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார்.

"நீ சொல்றது எனக்கு வெளங்குது ஆத்தா. எங்க வீட்டுக்காரவுக மெஷினத்தானே நம்புவாக?"

இறுகிய கை

கல்லூரிப் பெண் பிரியாவின் அம்மா ஒருநாள் நேரில் வந்துவிட்டார். அடுத்த வாரம் போடியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்களாம்; மகளின் கையைத் தொட்டால் கல் மாதிரி இருக்கிறதாம். பெண்களுக்குத் தசை அவ்வளவு சுலபத்தில் பெருத்துவிடாது, கை இறுகும், அவ்வளவுதான் என்று தொண்டை வறள விளக்கினேன்.

"எல்லாஞ் சரி, வர்ற மாப்பிள்ள கை இவ கையவிடச் சிறுசா இருந்துட்டா நான் எங்க போய் முட்டிக்கிறது?"

ஒன்பது கிலோ

கலா கோம்பையிலிருந்து வருவாள். ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை. ஐந்தே வாரத்தில் ஒன்பது கிலோ இறங்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் பெருமையாக அவள் படத்தைச் சுவரில் ஒட்டினேன். ஆனால், போன மாதம் அனாயாசமாகத் தூக்கிய கம்பியை அவளால் இப்போது அசைக்க முடியவில்லை. தோளும் தொடையும் வற்றிக்கொண்டே வந்தன. பட்டினி கிடக்கிறாளோ என்று பயந்து கேட்டேன். "முன்னவிட அதிகமாத்தான் சாப்பிடுறேங்க்கா" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது பாட்டில் தண்ணீரையும் காலி செய்தாள்.

அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் சர்க்கரை வியாதியாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் தட்டியது. பயிற்சியை நிறுத்தி டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "கொழுப்போட தசையும் சேர்ந்து கரைஞ்சிருக்கு. இன்னும் தள்ளிப்போட்டிருந்தா ஆபத்தா முடிஞ்சிருக்கும்" என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, இதற்கா படம் ஒட்டினோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஜிம்முக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அதைக் கிழித்தேன்.

மருந்து, வேளாவேளைக்குச் சாப்பாடு, பிறகு டாக்டர் சொன்னபடி லேசான பயிற்சி. மூன்று மாதம் கழித்து மெஷினில் ஏறியவள், எண்ணைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு கிலோ கூடிருச்சுக்கா... எடை ஏறுனதுக்கு இனிப்பு குடுக்கணும்போல இருக்கு, அதையுந்தான் தின்னக் கூடாதே!"

இப்போதெல்லாம் யாராவது எடை இறங்கிவிட்டது என்று துள்ளிக்கொண்டு வந்தால், வாழ்த்துவதற்கு முன்னால் "இறங்குனது கொழுப்பா, தசையா?" என்று கேட்டுத் தொலைக்கிறேன், அதனாலேயே ஊரில் எனக்குச் சந்தேகக்காரி என்று பெயர்.