கடைசி வரிசையின் சத்தம்

ஃபிரானி ஸ்குபிட்ஸ் விஷயத்தில் எங்கள் ஊரில் இப்போது இரண்டு கட்சி. ஒரு கட்சி அவளை வம்புக்காரி என்கிறது. இன்னொரு கட்சி, செய்தது சரி, செய்த இடம்தான் சரியில்லை என்று இழுக்கிறது. நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. செய்ததும் சரி, செய்த இடமும் சரி, இன்னும் நாலு வார்த்தை சூடாகக் கேட்டிருக்கலாம் என்பது என் கட்சி. நான் ஹெல்மி. ஊர் இசைக்குழுவில் செல்லோ வாசிக்கிறவள், அன்றைக்கு மேடையில் இருந்தவள். அடுத்த வருஷம் ஃபிரானிக்குக் குழுவில் இடமில்லையாம். எங்களை நடத்துகிற பிரெஸ்காட்டுக்கு மட்டும் இடம் இருக்கிறதாம்! எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஃபிரானி பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். மினசோட்டாவின் இந்தச் சுரங்க ஊரில் பனி எவ்வளவு கொட்டினாலும் அவள் பேருந்து நின்றதில்லை. குரலும் அப்படித்தான், கடைசி சீட்டில் யாராவது சூயிங்கம் ஒட்டினால் முன்னால் இருந்தே பிடித்துவிடுவாள். அவள் புருஷன் அரிசோனாவுக்குப் போய்ப் பல வருஷமாகிறது. "குளிர் தாங்கலன்னு அவன் சொல்றான். என்னைத் தாங்கலன்னு நான் சொல்றேன். ரெண்டும் நிஜம்தான்" என்று சிரிப்பாள்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு மதியம் உயர்நிலைப் பள்ளி அரங்கில் எங்கள் கச்சேரி நடக்கும். ஒரு பெரியவர், ஒரு பிள்ளை என்று ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, ஒரே தாளைப் பார்த்து வாசிப்பார்கள். நன்றாக வாசிக்கிறவர்கள் முன்னால், இப்போதுதான் கற்றுக்கொள்கிறவர்கள் கடைசி வரிசையில். கடைசிப் பாட்டுக்கு மட்டும் கேட்க வந்தவர்களும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மேடையேறலாம். அக்கார்டியன் வரும், மவுத் ஆர்கன் வரும். ஃபிரானி முதல் தடவை வந்தது ஒரு சட்டி மூடியோடு. அதைத் தட்டித் தட்டி அரங்கையே அதிர வைத்தாள். "என்னமோ ஆயிடுச்சுடி ஹெல்மி எனக்கு, இனிமே கீழே உக்காந்து கேக்க முடியாது" என்றாள். மறு வாரமே பழைய வயலின் ஒன்று வாங்கி, ஐம்பத்தெட்டு வயதில் சின்னப் பிள்ளைகளோடு வகுப்பில் போய் உட்கார்ந்தாள்.

அவள் வாசிப்பு நன்றாக இருக்கும் என்று நான் பொய் சொல்லப்போவதில்லை. ஆனால் கேட்கும். அவளுக்கு ஜோடி அய்லி கொர்பி என்கிற பத்து வயதுப் பெண். ஃபிரானியின் பேருந்தில் காலையில் முதலில் ஏறி, மாலையில் கடைசியாக இறங்குகிற பிள்ளை. அம்மா இல்லை. பள்ளியில் வாயே திறக்காது. வயலின் பற்றி மட்டும் ஃபிரானியிடம் வழியெல்லாம் பேசிக்கொண்டே வரும், சீட்டுக் கம்பியில் விரல் வைத்துப் பழகிக்கொண்டே வரும்.

இந்த நிலையில்தான் பிரெஸ்காட் வந்து சேர்ந்தார். கையில் கோல் பிடித்துக் குழுவை நடத்துகிறவர், நகரத்திலிருந்து வந்தவர். இந்த வருஷம் கச்சேரியை வானொலிக்காரர்கள் பதிவு செய்வதாக ஏற்பாடு. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால், கடைசி வரிசைக்காரர்களின் வயலின் வில்களை எல்லாம் வாங்கிக்கொண்டார். இலவசமாகப் பழுது பார்த்துத் தருகிறேன், என் பரிசாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஃபிரானி நெகிழ்ந்துபோய் வாதுமைப் பருப்பு வைத்துச் சுருட்டிய ரொட்டி சுட்டு எடுத்துப்போய்க் கொடுத்தாள். தின்றார் அந்த மனுஷன்! கூசாமல் மூன்று துண்டு தின்றார்.

வில்கள் திரும்பி வந்தன. வந்த நாளிலிருந்து அய்லியின் வயலினில் சத்தம் எழும்பவில்லை. வில்லின் மயிர் கம்பியைப் பிடிப்பதற்காகத் தடவுகிற பிசின் கட்டியை எடுத்துக் குழந்தை தேய் தேய் என்று தேய்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஃபிரானிக்கும் அதே கதி. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் அவள் சொல்லவில்லை. ஒத்திகையில் பிரெஸ்காட், "அடடா, இன்னிக்குத்தான் கடைசி வரிசை அடக்கமா வாசிச்சீங்க! இப்படித்தான் இருக்கணும்" என்று பாராட்டினார். அந்தப் பாராட்டை இப்போது நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

கச்சேரிக்கு முந்தின வெள்ளிக்கிழமை பேருந்தை விட்டு இறங்கும்போது அய்லி வயலின் பெட்டியை ஃபிரானியின் காலடியில் வைத்திருக்கிறாள்.

"இதை நீங்களே வெச்சுக்கங்க மிஸ் ஃபிரானி. எனக்கு வராது."

"என்னடி வராது? போன மாசம் வந்துச்சே!"

"அப்ப வந்துச்சு. இப்ப அதுக்கு என்னைப் பிடிக்கல."

ஞாயிற்றுக்கிழமை அய்லி வரவில்லை. அவள் நாற்காலி காலியாகவே கிடந்தது. இடைவேளையில் நான் மேடைக்குப் பின்னால் போனபோது ஃபிரானி வில்லை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குக் கை போயிடுச்சுடி ஹெல்மி. வயசாயிடுச்சு போல. அந்தப் பொண்ணுக்கும் ஏதோ ஆகி, இனிமே வாசிக்க மாட்டேங்குது. நான்தான் ஆசை காட்டிக் கெடுத்துட்டேன்."

வில்லை வாங்கிப் பார்த்தேன். மயிர் வழவழவென்றிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். லாவெண்டர் வாசனை! பக்கத்துப் பிள்ளையின் வில்லை வாங்கினேன், அதுவும் லாவெண்டர். கடைசி வரிசை முழுக்க அதேதான்.

"இது சோப்புடி ஃபிரானி. நாடகத்துல வயலின் வாசிக்கிற மாதிரி நடிக்கிறவங்களுக்கு இப்படித் தடவித்தான் குடுப்பாங்க. கை ஆடும், சத்தம் வராது. அதுக்கு மேல எவ்வளவு பிசின் தேய்ச்சாலும் ஒட்டாது."

ஃபிரானி தன் வில்லை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். எழுந்து நேராகப் பிரெஸ்காட்டிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். வில்லை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அந்த ஆள் முகம் கொஞ்சம்கூட மாறவில்லை.

"பெருசா எடுத்துக்காதீங்க ஃபிரானி. ரேடியோவுக்குப் போற கச்சேரி. பிள்ளைங்களுக்கு மேடையில உக்காந்த சந்தோஷம். கேக்கறவங்களுக்கு நல்ல சங்கீதம். யாருக்கு என்ன நஷ்டம் சொல்லுங்க?"

"கடைசி சீட்டுப் பிள்ளைங்க சத்தம் போடுதுங்கன்னு நான் நடுரோட்டுல இறக்கிவிட்டுட்டுப் போறதில்ல சார்" என்றாள் ஃபிரானி. அதற்குள் இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டது.

கடைசிப் பாட்டு வந்தது. பிரெஸ்காட் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, வாருங்கள் என்று வாய் நிறையச் சிரித்துக் கையை விரித்தார். ஃபிரானி அவரைத் தாண்டிக்கொண்டு வானொலிக்காரர்களின் மைக்குக்கு எதிரே வந்து நின்றாள். வயலினைத் தோளில் வைத்து இழுத்தாள். ஒன்றுமில்லை. கூட்டம் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தது. மறுபடி இழுத்தாள்.

"சிரிக்காதீங்க. ரெண்டு மணிலேர்ந்து உங்க பிள்ளைங்க இப்படித்தான் வாசிச்சுக்கிட்டிருக்காங்க. பிள்ளைங்களா, வாசிங்க!"

கடைசி வரிசையில் வில்கள் மேலும் கீழும் போய் வந்தன. கைகள் அவ்வளவு ஒழுங்காக ஆடின. அரங்கில் ஹீட்டர் ஓடுகிற சத்தம்தான் கேட்டது.

"சோப்பு தடவியிருக்காரு, உங்க ரேடியோவுக்காக. இந்தப் பிள்ளைங்க தங்களோட கை மேலதான் தப்புன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. ஒரு பொண்ணு வயலினையே விட்டுட்டா."

நடுவரிசையில் ஒரு தகப்பன் எழுந்து, "அடப்பாவி! என் மகன் வாரம் பூரா அழுதானேய்யா!" என்று கத்தினார். பிரெஸ்காட் ஏதோ சொல்ல வாயெடுத்தார், ஒருவரும் கேட்கத் தயாராக இல்லை.

ஃபிரானி முன்வரிசைப் பக்கம் திரும்பினாள். "ஜோடியா உக்காந்து வாசிக்கிற கச்சேரின்னுதானே பேரு? உங்க வில்லையெல்லாம் குடுங்க அதுங்க கையில."

முதல் வயலின்காரர் தன் வில்லைத் தொடக்கூட யாரையும் விடமாட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்தார், கடைசி வரிசைக்கு நடந்துபோய் ஒரு பிள்ளையிடம் நீட்டினார். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். பிள்ளைகள் வாசித்தார்கள், கூட்டமும் ஏறி வந்து சேர்ந்துகொண்டது. காது கிழிந்தது. வானொலிக்காரர்கள் அதை ஒலிபரப்பவில்லை. நஷ்டம் அவர்களுக்குத்தான்.

ஃபிரானி அதைக் கேட்க நிற்கவில்லை. ஒரு நல்ல வில்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். நான் செல்லோவைக் கிடத்திவிட்டு ஓடிப்போய் அவள் பிக்கப் வண்டியில் ஏறினேன். பின்சீட்டில் அய்லியின் வயலின் பெட்டி இருந்தது. வழி முழுக்க அவள் பிரெஸ்காட்டைத் திட்டினாள். அச்சில் ஏறாத வார்த்தைகள். சிலதை நான் எடுத்துக் கொடுத்தேன்.

கொர்பி வீட்டுக் கதவை அய்லியே திறந்தாள். உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது. ஃபிரானி வணக்கம்கூடச் சொல்லாமல் வயலினை அவள் கையில் திணித்தாள்.

"அந்தப் பிரெஸ்காட் எல்லாரையும் ஏமாத்திட்டான்டி. உன் வில்லுல சோப்பு தடவிட்டான். என்னுதுலயும்தான். இந்தா, இதை வெச்சு இழு."

அய்லி பயந்து பயந்து இழுத்தாள். வாசலில் நின்றுகொண்டிருந்த எனக்கு அந்தக் கீச்சில் பல் கூசியது. அவள் வில்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப... என் மேல தப்பு இல்லையா?"

"இல்லடி கண்ணு."

"அப்ப நான் நல்லா வாசிக்கிறேனா மிஸ் ஃபிரானி?"

"சேச்சே! கண்றாவியா வாசிக்கிற" என்றாள் ஃபிரானி. அவளுக்குக் கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. "நானும்தான். அதுக்காக நம்ம வாயைப் பொத்த எவனுக்கும் உரிமை கிடையாது. எங்க, இன்னொரு தடவை இழு. பலமா."

அய்லி பலமாக இழுத்தாள். உள்ளே அவள் அப்பா டிவியை நிறுத்தினார்.