மெங் இன்சுக்கும் மா நாரேயும்

மொக்போ துறைமுகத்திலிருந்து மேலே ஏறும் தெருவில் பார்லர் வைத்திருந்த மெங் இன்சுக், நாற்பத்தொன்பது வயதில் கல்லூரியில் சேர்ந்தாள். பதினாறு வயதிலேயே படிப்பை விட்டுவிட்டுக் கத்தரிக்கோலைப் பிடித்தவள். தனித்தேர்வு எழுதிப் பள்ளிச் சான்றிதழ் வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அழகுக்கலைப் பிரிவில் முடி, தோல், மிஞ்சிப்போனால் கொஞ்சம் வேதியியல் இருக்கும் என்று நினைத்துப் போனாள். எந்தப் பிரிவானாலும் கம்ப்யூட்டர் புரோகிராமிங் அறிமுகம் படித்தே ஆகவேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். சரி, பார்லருக்கு லீவு விடும் செவ்வாய்க்கிழமை காலையிலேயே போட்டுக்கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முதல் நாள் வகுப்புக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஓரத்தில், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தது அவளுடைய மகள் நாரே. அதே கல்லூரியில் சமூகப்பணி இரண்டாம் ஆண்டு. இந்தப் பாடத்தைப் போன வருஷமே பாஸ் பண்ணியாகிவிட்டது என்று வீட்டில் சொல்லியிருந்தாள்.

இடைவேளையில் காபி இயந்திரத்தின் அருகே மகள்தான் முந்திக்கொண்டாள்.

"நீ என் அம்மான்னு இங்க யாருக்கும் தெரியக்கூடாது, ஆமா."

"அது இருக்கட்டும். பாஸான பாடத்த எதுக்குடி மறுபடியும் படிக்கிற? ஆசையா இருக்கா?"

அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று நாரே கெஞ்சினாள். இன்சுக்குக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகச் சிரிப்பு வந்தது. அப்பாவிடம் சொல்லமாட்டேன், வகுப்பில் உன்னைத் தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ளமாட்டேன் என்று ஒப்புக்கொண்டாள். குடும்பப் பெயரில் அம்மா மெங், மகள் அப்பா வழியில் மா. பெயரை வைத்து யாரும் கண்டுபிடிக்க வழியில்லை.

ஆனால் அந்தப் பெயர்களே காலை வாரிவிட்டன. மூன்றாம் வாரம் பேராசிரியர் பியோன், பருவ இறுதிக்குள் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் நிரல் எழுத வேண்டும் என்று சொல்லி, அகரவரிசையில் இருந்த வருகைப் பதிவேட்டைப் படித்துக்கொண்டே ஜோடி சேர்த்தார். மா நாரேக்கு அடுத்த பெயர் மெங் இன்சுக்.

என்ன எழுதுவது என்று மகள் ஒரு வாரம் நகத்தைக் கடித்தாள். அம்மாவுக்கு அந்தக் குழப்பமே இல்லை. பார்லரில் ஒரே சமயத்தில் நாலு பேர் முடியைச் சுருளாக்கும் பெர்முக்காகத் தலையில் உருளையோடு உட்கார்ந்திருப்பார்கள்; யாருக்கு எப்போது கழற்றுவது என்று கம்ப்யூட்டர் சொல்லட்டும் என்றாள். மெல்லிய முடியா, பதினைந்து நிமிஷம். சாயம் போட்டதா, பத்து. இரண்டும் இல்லையா, இருபது. 'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்ற பாடம் வகுப்பில் வந்தபோது, இதைத்தானே முப்பது வருஷமாகச் செய்கிறோம் என்று இன்சுக்குக்குத் தோன்றியது. அவளுக்கு எழுத்துகளைத் தேடித் தட்டத்தான் வரவில்லை. நாரேக்குத் தட்ட வரும். எதைத் தட்டுவது என்பதுதான் வராது.

முதல் தடவை ஓடவிட்டபோது 'இன்னும் ஆகவில்லை' என்ற வரி திரை முழுக்கக் கொட்டியது, நிற்கவே இல்லை. நாரே பயந்து கம்ப்யூட்டரை மூடப் போனாள். இன்சுக் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"ஆச்சா ஆச்சான்னு கேட்டுக்கிட்டே இருக்கு. நிமிஷத்த யாருடி கூட்டுறது?"

கூட்டுவதற்கு ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்த்ததும் நிரல் சமர்த்தாக நின்றது. போன வருஷம் தன்னைக் கவிழ்த்தது இதுதான் என்று நாரே அன்றைக்குத்தான் வாய்திறந்து சொன்னாள்.

ஜூனில் எல்லோர் முன்னாலும் காட்ட வேண்டிய நாள் வந்தது. நிரல் நன்றாகவே ஓடியது. பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார்: முடி மெல்லியதாகவும் இருந்து சாயமும் போட்டிருந்தால்? நாரே போட்டுப் பார்த்தாள். பதினைந்து என்று வந்தது. தப்பு என்று தெரிந்தது. சரியான பதில்தான் தெரியவில்லை. பதற்றத்தில் திரும்பி, "அம்மா, அதுக்கு எத்தன நிமிஷம்?" என்று கேட்டுவிட்டாள்.

பேராசிரியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நிமிஷமே கிடையாது," என்றாள் இன்சுக். "அந்தத் தலைக்கு நான் பெர்ம் போடமாட்டேன். பிஞ்சு கையோட வந்துடும். ரெண்டு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிடுவேன்."

காது சிவக்கச் சிவக்க, நாரே அங்கேயே அந்த வரியை எழுதி மற்றெல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். மறுபடி ஓடவிட்டாள். 'இன்று வேண்டாம்' என்று வந்தது. வகுப்பு கைதட்டியது. அம்மா மகள் என்பது எங்களுக்கு ஏப்ரலிலேயே தெரியும் என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி நிதானமாகச் சொன்னாள்; வாரா வாரம் இரண்டு பேர் சாப்பாட்டு டப்பாவிலும் ஒரே மாதிரி கிம்பாப் சோற்றுச் சுருள் இருந்தால் யாருக்குத்தான் தெரியாது?

மதிப்பெண் வந்த மத்தியானம் இன்சுக் பார்லரில் இருந்தாள். கையெல்லாம் பெர்ம் மருந்து. நாரே போனோடு ஓடிவந்தாள். உன்னுடையதை முதலில் சொல் என்றாள் அம்மா. பி பிளஸ். இன்சுக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு தோளால் கண்ணைத் துடைத்தாள்.

"உனக்கு ஏ," என்று முறைத்தாள் நாரே. "டைப் அடிச்சது பூராவும் நானு."

"யோசிச்சது யாரு?"

உருளையோடு உட்கார்ந்திருந்த மீன்கடைக்காரி, அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றாள். நாரே அவளோடும் சண்டைக்குப் போனாள்.