பூம்பாறைக் கெளுத்திகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையிலிருந்து பூம்பாறைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். என் சீர்வரிசையில் மாமனார் வீட்டார் வாயைப் பிளந்து பார்த்தது கண்ணாடித் தொட்டியைத்தான். உள்ளே குட்டி ஜாதிக் கெளுத்திகள். கட்டைவிரல் நீளம், மூஞ்சி நிறைய மீசை. ஒன்று திரும்பினால் அத்தனையும் அதே பக்கம் திரும்பும். அப்படியொரு ஒற்றுமையை நான் எந்தக் குடும்பத்திலும் பார்த்ததில்லை.

அந்த மலைக்குளிரில் எனக்கே பல் கிட்டித்துப்போகும். பாவம், மீனுக்கு எப்படியிருக்கும்? தொட்டியை அடுப்படியில் வைத்து, வெந்நீர் கலந்து, ராத்திரியில் என் ஸ்வெட்டரையும் போர்த்திவிடுவேன். ஊரே சிரித்தது. சிரிக்கட்டுமே. அவை முட்டையிட்டு, குஞ்சைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. இரண்டு வருஷமாக ஒரு முட்டைகூட இல்லை.

ஒரு மழைநாளில் நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் என் வீட்டுக்காரர் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, குழாய்த் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றியிருந்தார். தொட்டால் ஐஸ்!

"கொன்னுட்டீங்களே!"

"அழுக்காக் கெடந்துச்சு புள்ள. அதான் வெரசா மாத்திவிட்டேன்."

கெளுத்திகள் மேலும் கீழும் தலைதெறிக்க ஓடின. செத்துப்போகும் என்று அழுது தீர்த்தேன். அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

மறுநாள் வெள்ளனே எழுந்து பார்த்தால் கண்ணாடி முழுக்க முட்டை! ஜவ்வரிசியை ஒட்டவைத்தது மாதிரி. குளிர்ந்த தண்ணீர் பட்டு, புதுமழை பெய்ததாக நினைத்துக்கொண்டால்தான் முட்டையிடுமாம் இந்தக் கெளுத்திகள். வெந்நீர் ஊற்றிக் கெடுத்ததே நான்தான். அதை வாய்விட்டுச் சொல்வேனா?

விட்டால் பெற்றதுகளே தின்றுவிடும் என்று முட்டைகளை விரலால் உருட்டியெடுத்துப் பீங்கான் கிண்ணத்தில் போட்டேன். தினமும் சில, வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துக் கெட்டன. அவரும் போகும்போதும் வரும்போதும் கிண்ணத்தை எட்டிப் பார்ப்பார். கேட்க மாட்டார், பேச்சுத்தான் இல்லையே.

ஒருநாள் காலையில் கிண்ணத்துக்குள் ஏதோ துடித்தது. இமைமுடி அளவுக்கு ஒரு வால். பக்கத்திலேயே இன்னொன்று! பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். எங்கள் காட்டில் விளைந்த பூண்டைக் கொடைக்கானல் சந்தையில் விற்க, மூட்டைகளைக் கூரைமேல் ஏற்றிவிட்டு அவர் பஸ்ஸில் ஏறியிருந்தார்.

"என்னங்க! மீன் குஞ்சு வந்துருச்சுங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். நகர்ந்த பஸ்ஸிலிருந்து இவர் குதித்தார்.

"யோவ், மூட்டையெல்லாம் மேல கெடக்குய்யா!"

கண்டக்டர் கத்தியது இவர் காதில் விழவேயில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வீட்டைப் பார்த்து ஓடினார். அந்த வருஷத்துப் பூண்டு தனியாகவே கொடைக்கானல் போய்ச் சேர்ந்தது.