மேற்கைக் கூப்பிடுகிறவர்

ஹெட்லி ட்ரெம்பாத் நாற்பத்தோரு வருடம் பால் கறந்தார். அதில் இருபத்தெட்டு வருடம், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாக நிற்கும் நாளில், மேட்டிலுள்ள கல்வட்டத்தில் நின்று மேற்குத் திசையைக் கூப்பிட்டார். இரண்டு வேலைக்கும் ஒரே ரப்பர் பூட்ஸ்தான்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான எங்கள் கார்ன்வாலில், பழைய இயற்கை வழிபாட்டைப் பின்பற்றும் பேகன்கள் என்றால் விசேஷமான ஆட்கள் ஒன்றும் இல்லை. தபால் கொண்டுவருகிறவள், குழாய் ரிப்பேர் செய்கிறவர், பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள். வருடத்துக்கு எட்டு முறை கூடுவோம். வட்டத்தைத் துடைப்பத்தால் பெருக்கி, சூரியன் போகும் பக்கமாக ஒரு சுற்று நடந்து, நான்கு திசைகளையும் விருந்தாளிகளைப்போல் வாசலில் நின்று அழைப்போம். ரொட்டியும் புளிக்கவைத்த ஆப்பிள் சைடரும் கைமாறிச் சுற்றி வரும். முடிந்ததும் நான்கு பேரையும் நன்றி சொல்லி வழியனுப்புவோம். அழைத்தவர்தான் அனுப்ப வேண்டும். செப்டம்பர் கூடல் மேற்கினுடையது. சாயங்காலம், தண்ணீர், பறித்து முடித்த பழம், இறந்தவர்கள் எல்லாமே அந்தப் பக்கம்.

மார்ச் மாதம் ஹெட்லிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போனது. கால் அரைகுறையாகத் திரும்பியது. பேச்சில் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது: செவ்வாய்க்கிழமை. தேநீர் வேண்டுமென்றாலும் செவ்வாய்க்கிழமை, கோபம் வந்தாலும் செவ்வாய்க்கிழமை. இது நடப்பதுதான். வீட்டுப் பராமரிப்பு வேலையில் முப்பது வருடம் இருந்தவள் நான். 'பரவாயில்லை' என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு வருடம் வாழ்ந்த மனிதரைக் குளிப்பாட்டியிருக்கிறேன். உள்ளே எல்லாம் சரியாக இருக்கும். வெளியே இருப்பவர்கள்தான் நம்ப மாட்டார்கள்.

ஹெட்லி வீட்டைவிட்டு இறங்குவதை நிறுத்திவிட்டார். யாராவது வந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் மனைவி லவ்டே என்னைக் கூப்பிட்டாள். ஓய்வு பெற்றுவிட்டேன் என்று அவளிடம் சொல்ல முடியவில்லை. வாரம் மூன்று நாள் போனேன்.

கூடலுக்கு ஒரு வாரம் முன்னால், எங்களை நடத்துகிற ரொவீனா, யார் எந்தத் திசையை அழைப்பது என்ற பட்டியலோடு அவர்கள் சமையலறைக்கு வந்தாள்.

"ஹெட்லி, ராசா, இந்த வருஷம் நீ சும்மா சாஞ்சு உக்காந்து பாரு. மேற்க பியர்ஸ் கூப்பிடட்டும். நல்ல குரல் அவனுக்கு."

பியர்ஸ் லண்டனிலிருந்து வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. குரல் நன்றாகத்தான் இருக்கும். அதைவிட நன்றாக இருக்கும் அவன் பச்சை அங்கி.

"செவ்வாக்கெழம," என்று ஹெட்லி கேக் தட்டைக் கீழே தள்ளினார்.

"அது 'சரி' இல்ல," என்றாள் லவ்டே. "அது மட்டும் எனக்கு நல்லாவே வெளங்குது."

"அவர் அசிங்கப்பட்டுடக் கூடாதேன்னுதான் பாக்குறேன். அத்தன பேர் முன்னாடி வாய் வராம நின்னா?"

"ஜன்னலப் பாத்துக்கிட்டே சாகுறதுக்கு அது தேவல. மேற்கும் கையவிட்டுப் போச்சுன்னா இந்த மனுஷன் இனி வாசப்படி தாண்ட மாட்டார், ரொவீனா."

கேக்கைப் பெருக்கிக்கொண்டே நான் சொன்னேன்: "அசிங்கம் அவருக்கு இல்ல, நமக்குத்தான். காத்திருக்கத் தெரியாதவங்க நாம. அவர் வாயத் தொறக்குறதுக்குள்ள பத்துப் பேர் வார்த்தைய எடுத்துக் குடுப்பீங்க."

"எவ்வளவு நேரம்தான் காத்திருக்கச் சொல்ற?"

"நூறு எண்ணு. அப்பவும் வரலன்னா பியர்ஸ் கூப்பிடட்டும். மேற்கு அவனுக்கே போகட்டும். நானும் அப்புறம் ஒண்ணும் பேச மாட்டேன்."

ஹெட்லி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரம் அவருக்குப் புரிந்தது. ரொவீனா யோசித்து, பட்டியலில் பியர்ஸின் பெயரைக் கிழக்குக்கு மாற்றினாள்.

அன்று காற்றே இல்லை. மேட்டுப் பெரணி பழுப்பாகியிருந்தது. ஊதாப் புதர்ப் பூக்களில் கடைசித் தேனீக்கள் தூக்கக் கலக்கத்தில் நகர்ந்தன. தூரத்துக் கடல் தண்ணீர்போல் இல்லை, வெளிச்சத்தைப் பாயாக விரித்ததுபோல் கிடந்தது. நான்கு கால் ஊன்றுகோலோடு ஹெட்லி ஏறி வர இருபது நிமிடம் ஆனது. வெயில் எங்களுக்காக நின்றுகொண்டதுபோல் இருந்தது. கற்களின் நிழல் கற்களைவிட நீளமாகக் கிடந்தது. எல்லோர் குரலும் தானாகவே தணிந்தது.

தாழ்ந்த கல்லின் மேல் ஆப்பிள், கருநாவல்போன்ற முட்செடிப் பழம், லவ்டே கட்டிய கோதுமைக் கதிர்க் கட்டு. அதன் பக்கத்தில் என் டப்பா. ஹெட்லிக்குத் தண்ணியாக எதையும் விழுங்க முடியாது, புரை ஏறும். சைடரில் கெட்டியாக்கும் பொடி கலந்து கூழாக்கிவைத்திருந்தேன்.

"இத சாமிக்கு ஊத்துனா சாமி கோவிச்சுக்கும்," என்றாள் ரொவீனா.

"சாமிக்கு நல்லாவே முழுங்க வரும். நீ இதத் தொடாத," என்றேன்.

பியர்ஸ் கிழக்கைக் கூப்பிட்டான், நிறைய வார்த்தைகளோடு. லவ்டே தெற்கை. பிறகு பதினான்கு பேரும் மேற்கே திரும்பினோம்.

ஹெட்லி ஊன்றுகோலை என்னிடம் கொடுத்தார். நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். இருபது. முப்பத்தைந்து. அவர் உதடு அசைந்தது.

"செவ்வாக்கெழம."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அறுபது. அவர் கழுத்து சிவந்தது. எண்பது. பியர்ஸ் மூச்சை இழுப்பது கேட்டது. அவன் அங்கியின் ஓரத்தை மிதித்துக்கொண்டு நின்றேன். தொண்ணூறு.

ஹெட்லி இடது கையை வாயோரம் வைத்தார். நீளமான ஒரு குரல் எழும்பியது. வார்த்தை இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, உச்சியில் மடங்கி, சரிவில் உருண்டு இறங்கிப் போனது. நாற்பத்தோரு வருடம் காலையும் மாலையும் மாடுகளைக் கறவைக்கு அழைத்த குரல். அதைப் பக்கவாதம் தொடவில்லை. மூன்று முறை கூப்பிட்டார்.

கீழ் வயலில் அவர் கறந்த மாடுகளில் ஒன்று தலையைத் தூக்கியது. பிறகு இன்னொன்று. வெயிலைப் பின்னால் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், முப்பது மாடுகள் எங்களை நோக்கி ஏறி வந்தன. ஓரமெல்லாம் பொன்னாகத் தெரிந்தன. நடக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை. மேற்கே பாதி இடிந்த மதிலில் வரிசையாகக் கழுத்தை வைத்து, மூச்சு விட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தன.

"வந்தாச்சு," என்றாள் லவ்டே.

அதற்கப்புறம் ரொவீனா வடக்கைக் கூப்பிட, ரொட்டி சுற்றியது. ஹெட்லியின் துண்டை நான் கூழில் ஊறவைத்துக் கொடுத்தேன். விழுங்கினார், இருமவில்லை. வழியனுப்பும் நேரம் வந்தது, அழைத்ததற்கு எதிர் வரிசையில். வடக்கை அனுப்பினார்கள். அப்போது ஒரு மாடு மதில் சரிந்த இடத்தில் உள்ளே நுழைந்து கோதுமைக் கட்டை வாயில் கவ்விக்கொண்டது.

"அய்யோ, அது ரெண்டு நாள் வேல!" லவ்டே கத்தினாள். ரொவீனா துடைப்பத்தோடு துரத்தினாள். எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். மாடுகள் சரிவில் இறங்கிப் போன பிறகு தெற்கை அனுப்பினார்கள், கிழக்கை அனுப்பினார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

காருக்குப் பக்கத்தில் வந்ததும் ஹெட்லி ஏற மறுத்தார். கதவைப் பிடித்துக்கொண்டு மேட்டையே பார்த்தார். "செவ்வாக்கெழம. செவ்வாக்கெழம!"

"மூத்திரம் வருதா, ஹெட்லி?" என்றேன்.

முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். முப்பது வருட அனுபவம் எனக்கு; வயதான ஆண் ஒருவர் பரபரத்தால் முதலில் மூத்திரம்தான் ஞாபகம் வரும்.

"ரொம்பக் களைச்சுட்டார், பாவம். தடுமாறுது," என்றாள் ரொவீனா மெதுவாக.

அவர் இடது கையைத் தூக்கி நான்கு விரல் காட்டினார். ஒன்றை மடக்கினார். இன்னொன்று. இன்னொன்று. ஒரு விரல் மட்டும் நிமிர்ந்து நின்றது.

பியர்ஸின் முகம் மாறியது. "மேற்க அனுப்பவே இல்ல நாம. மாட்டத் துரத்துனோம்ல, அப்ப விட்டுட்டோம்."

விருந்தாளியை உள்ளே விட்டுவிட்டு வீட்டைப் பூட்டியதுபோல ஆகியிருந்தது. பதிமூன்று பேர் மறந்ததை, தடுமாறுகிறார் என்று சொல்லப்பட்டவர்தான் நினைவில் வைத்திருந்தார்.

"தடுமாறுனது நாந்தான்," என்றாள் ரொவீனா. "வாங்க, ஏறுங்க."

மறுபடியும் இருபது நிமிடம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சூரியன் கடலின் விளிம்பில் பாதி இருந்தது, நேர் மேற்கில். ஹெட்லி தன் இடத்தில் நின்றார். இந்தத் தடவை யாரும் எண்ணவில்லை. மேற்குக் கல்லை இடது உள்ளங்கையால், கடைசி மாட்டின் முதுகைத் தட்டி அனுப்புவதுபோல், இரண்டு முறை தட்டினார்.

"செவ்வாக்கெழம," என்றார் அதனிடம்.

சூரியன் போனது.

"அக்டோபர் கடைசிக் கூடலுக்கும் மேற்கு உன்னோடதுதான்," என்றாள் ரொவீனா. ஹெட்லி தலையாட்டிவிட்டு ஊன்றுகோலுக்காக என் பக்கம் கை நீட்டினார்.

இறங்கும் வழியில் அவருக்கு நிஜமாகவே மூத்திரம் வந்தது. பொத்தானைக் கழற்றிவிட்டேன். மேற்கே நிற்கச் சௌகரியமான இடம் இருந்தும், என் தோளைப் பிடித்துக்கொண்டு கவனமாகத் திரும்பினார். கிழக்குப் பக்கம் பார்த்து நின்றார். கிழக்கு பியர்ஸுடையது.