ஸ்விட்சில் ஒட்டிய பொட்டு

மல்லிகா அக்கா இறந்த செய்தியை என் போன்தான் வாசித்துச் சொன்னது. அன்னவாசலில் நாளை மின்தடை என்பதற்கும் யாரோ அனுப்பிய காலை வணக்கத்துக்கும் நடுவில், அதே குரலில், அதே வேகத்தில். மூன்று முறை வாசிக்க வைத்தேன். அப்போதிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிறவியிலேயே பார்வையில்லாதவர், எங்கள் அலுவலகத்தில் எல்லாரையும்விட வேகமாகக் கடிதம் அடித்தவர். எனக்குப் பார்வை போனது நாற்பத்திரண்டு வயதில். கடிதம் அடிக்க முடியாமல் நாற்காலியில் சும்மா உட்கார மனமில்லை. வேலையை விடுவதாக இருந்தேன். அந்த ராஜினாமாவைக்கூட வேறொருவர்தான் அடித்துத் தர வேண்டும்.

அக்காதான் எங்களைப் புதுக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு இழுத்துப் போனார். என் கணவர் இருப்பதிலேயே பெரிய திரையைக் கேட்டார்.

"பெருசா இருந்தா இவளுக்குக் கொஞ்சமாவது தெரியும்ல."

"திரைய அமத்துங்க தம்பி," என்று கடைக்காரரிடம் சொன்னார் அக்கா. ஹெட்போனை என் காதில் மாட்டி, என் விரல்களைக் கீபோர்டில் வைத்தார். "தமிழ்ல அடி. அது வாசிக்கிறது வெளங்குதா? அதப் பாத்து வாங்கு. திரை யாருக்கு?"

எங்கள் கடைசி நம்பிக்கை அந்தப் பெரிய திரையில்தான் இருந்தது. கடையில் வைத்தே அதை அணைத்துவிட்டாரே என்று எனக்கு அப்படி ஒரு கோபம். சின்னத் திரையோடு வீடு திரும்பினோம். ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை.

அந்த வாரக் கடைசியில்தான் முதல் கடிதத்தை அடித்தேன். அரைப் பக்கம் ஆனதும் தண்ணீர் குடிக்க எழுந்தேன். எனக்கு வேண்டாமென்று நான் அணைத்திருந்த திரை இருட்டாக இருப்பதைப் பார்த்த கணவர், கரண்டு வீணாகிறதே என்று ஸ்விட்சை அணைத்துவிட்டார். நான் சேவ் செய்திருக்கவில்லை. போனில் அக்காவிடம் அழுதேன்.

மறுநாள் பஸ் பிடித்து வந்தார். "ஏங்க, வெளக்கு எரியலைன்னா வீட்டுல ஆளே இல்லைன்னு அர்த்தமா?" என்று கணவரைக் கேட்டார். தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஸ்விட்சில் ஒட்டினார். "இதத் தொடுறதுக்கு முன்னாடி தேவிய ஒரு வார்த்த கேளுங்க." என்னிடம் சொன்னது வேறு: "நீ மட்டும் பழகுனாப் பத்தாதுடி, வீடும் பழகணும். மொதல்ல சேவ் பண்ணு, அப்பறம் அழு."

அலுவலகத்தில் என் நாற்காலிக்குத் திரும்பிவிட்டேன். கோபமாக இருந்ததற்கு ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

அந்தப் பொட்டின்மேல் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் நாலைந்து தடவை எழுந்து வாசல்வரை போய் வந்தேன். கடைசித் தடவை, கம்ப்யூட்டர் பக்கமிருந்து கணவரின் குரல் கேட்டது.

"தேவி, முடிஞ்சுதா? அமத்தவா?"

"இன்னும் இல்லைங்க," என்றேன்.